சிங்கம் விரைவில்

கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிட்ட வந்து உட்காருங்கள். அந்தக் கதவையும் சாத்திவிடுங்கள்... காற்று வருகிறது.

அந்தி ஆறு மணி. ராகலைக்கு மேலே, பஸ் திரும்பிப் போகிற வளைவுக்கு அப்பால் ஒரு மண் ரோடு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பள்ளம். பனி இறங்கிவிட்டால் முன்னால் நடப்பவன் முதுகுகூடத் தெரியாது. அந்த ரோடு முடிகிற இடத்தில் வாச்சர் செல்லசாமி டோர்ச் லைட்டோடு நின்றிருந்தான். நம்ம கஜேந்திரனுக்கு மச்சான். நடந்தது அவன் குடும்பத்தில்தான்.

அவனுக்கு முன்னால் ஓர் இரும்புக் கூடு. கம்பியெல்லாம் பனியில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு இடம் மட்டும் காய்ந்து கிடந்தது. அவன் இடுப்புக்கும் கீழே... பக்கத்துப் பக்கத்தில்... ஒரு சின்னப் பிடி அளவுக்கு.

அது சிதம்பரநாதன் முதலாளியின் மிருகக்காட்சிசாலை. "ஆசியாவின் மலைமகுடம்" என்று வாசலில் எழுதியிருக்கும். உள்ளே கொஞ்சம் முயல்கள், வாலில்லாத மயில், ஒற்றைக்கண் குரங்கு, தூங்குகிறதா செத்துவிட்டதா என்று செல்லசாமிக்கே தெரியாத ஓர் ஆமை. நடுவில்தான் அந்தப் பெரிய கூடு. மேளதாளம், பொன்னாடை, மூன்று பேச்சாளர்களோடு ரிப்பன் வெட்டித் திறந்தது. வெறும் கூடு. முன்னால் ஒரு பலகை: "சிங்கம் – விரைவில்".

மேலே ஒரு ஸ்பீக்கர். அது அடிக்கடி கர்ஜிக்கும். கர்ஜித்து முடித்ததும், "சிதம்பரநாதன் ஹார்ட்வெயார், உறுதிக்கு மறுபெயர்!" என்றும் சொல்லும். "சிங்கமே நம்ம கடைக்கு வெளம்பரம் பண்ணுது, பாத்தீங்களா?" என்பார் முதலாளி. சுற்றி நிற்பவர்கள் சிரித்தாக வேண்டும்.

செல்லசாமியின் தங்கச்சி, கஜேந்திரன் பெண்சாதி வினோதா தன் மகள் சர்மிளாவைக் கூட்டிக்கொண்டு வந்த அன்று, அந்தப் பிள்ளை சிரிக்கவில்லை. நம்பியது. முன்பல் ஒன்று விழுந்த வாயைத் திறந்தபடி, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நகர மாட்டேன் என்றது.

"மாமா, சிங்கம் எப்ப வரும்?"

"வந்துகிட்டே இருக்கு, தாயி. நானுஓயாவுல ரயில விட்டு எறங்கிருச்சாம்."

ஒரு மாரி பிஸ்கட்டில் பாதியைக் கடித்துத் தின்றுவிட்டு, மீதியைச் சிங்கத்துக்கு என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து லயத்து வீட்டில் தினமும் அதே விளையாட்டுத்தான். மலையில் கொழுந்து எடுக்கும்போது போட்டுக்கொள்கிற கம்பளியை வினோதா தலையோடு போர்த்தி, நாலு காலில் தவழ்ந்து உறுமினால்தான் பிள்ளைக்குச் சோறு இறங்கும். உறுமி முடித்தால் கடித்த பிஸ்கட்டில் மீதி அம்மா வாய்க்கு.

"நீ குட்டிச் சிங்கம்மா. பெருசு ரயில்ல வருது," என்பாள் சர்மிளா.

சிங்கம் வரவில்லை. காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தோட்டத்து லொறி வருவதற்குள்... முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் கருமாதி. செத்தவர்கள் ஆசைப்பட்டதைப் படைத்தால்தான் உயிர் வழி பார்த்துப் போகும். இல்லையென்றால் ஆசைப்பட்ட இடத்திலேயே நின்றுவிடும். இது நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரியும். சட்டை, வளையல், ஐஸ்கிறீம் எல்லாம் இலைக்கு வந்தன. சிங்கத்துக்குக் கஜேந்திரன் எங்கே போவான்? சுதந்திர தினத்துக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த கடதாசிச் சிங்கக் கொடி சுவரில் இருந்தது. அதை எடுத்துச் சோற்றில் குத்தி வைத்தான்.

"அது கையில கத்தி இருக்குங்க... புள்ள பயப்படும்," என்றாள் வினோதா.

அதற்குப் பிறகுதான் செல்லசாமி அந்தக் காய்ந்த இடங்களைப் பார்த்தது. தங்கச்சியிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டான். மறுநாளிலிருந்து அவள் வேலை முடிந்ததும் ஒரு பிஸ்கட் பக்கட்டோடு மண் ரோட்டில் ஏறி வந்துவிடுவாள். கம்பியோரம் நிற்பாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பிள்ளைக்குப் பூசுகிற பவுடர் வாசம் வரும்... மூக்கை உறிஞ்சுகிற சத்தம், ஒரு தடவை.

"சிங்கம் வரவே கூடாதுண்ணே," என்றாள். "வந்தா புள்ள போயிரும்."

மார்கழிப் பனி வந்தது. உறிஞ்சல் இருமலாயிற்று. பிறகு பல் கிடுகிடுக்கிற சத்தம்... கிட்டு கிட்டு கிட்டு என்று.

"செத்துமா குளிருது அதுக்கு?" வினோதா கம்பியில் முட்டிக்கொண்டு அழுதாள். "சிங்கத்தக் கொண்டாரச் சொல்லுண்ணே, ஒங்க மொதலாளிய. நின்னது போதும். போகட்டும்."

முதலாளியும் கொண்டுவந்தார். ஃபைபர் சிங்கம். பிடரிக்குக் கடையில் மிஞ்சிய தேங்காய்த் தும்புக்கயிறு. மறுபடி மேளம், மறுபடி பொன்னாடை, சிங்கத்துக்கும் ஒன்று. "உசிருள்ளது இதுகிட்டத் தோத்துப்போவும்," என்றார். கைதட்டினார்கள். பழைய பலகையைக் கழற்றி எறிந்தார்கள்.

சாயந்தரம் அண்ணனும் தங்கச்சியும் போய்ப் பார்த்தார்கள். கம்பி முழுக்க ஈரம். அதே இரண்டு இடம் மட்டும் காய்ந்திருந்தது. மூன்று பேச்சாளர்கள் நம்பியதைப் பிள்ளை நம்பவில்லை.

வினோதா கம்பளியை இழுத்துவிட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். போய்விட்டாள் என்றுதான் செல்லசாமி நினைத்தான். கூட்டுச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு, வாச்சர் அறையில் சாய்ந்தான். அன்றைக்குக் கரண்ட் இல்லை. ராகலை வரைக்கும் இருட்டு.

அப்போது கேட்டது... ஓர் உறுமல்.

ஸ்பீக்கர் இல்லை. கரண்டே இல்லையே. ஹார்ட்வெயார் விளம்பரமும் வரவில்லை. கூரைத் தகரம் அதிர்ந்தது. குரங்கு ஒரு கத்துக் கத்தி அடங்கியது. ஈரமான, சூடான மிருக வாடை ஒன்று கதவிடுக்கில் வந்தது. செல்லசாமி கதவை உள்ளே தாழ்போட்டான். அதற்குப் பின்னால், கலகலவென்று ஒரு சின்னச் சிரிப்பு... கைதட்டல்... பிறகு ஒன்றுமே இல்லை.

விடிந்த பிறகுதான் போனான். பூட்டு பூட்டியபடியே தொங்கியது. சாவி அவன் இடுப்பில். கம்பி ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஈரம். காய்ந்த இடமே இல்லை.

கூட்டுக்குள்ளே ஃபைபர் சிங்கம் மூலையில் குப்புறக் கிடந்தது. நடுவில், கம்பளியைத் தலையோடு போர்த்தி, நாலு காலில்... வினோதா.

"ஏம்மா... எப்புடிம்மா உள்ள போன?"

வாயைத் திறந்தாள். குரல் இல்லை. தொண்டை கிழிந்து போயிருந்தது. 'போயிட்டா' என்று உதடு மட்டும் அசைந்தது. பொத்தியிருந்த கையை அண்ணனுக்கு முன்னால் விரித்தாள்.

பாதி பிஸ்கட். கடித்த ஓரம் இன்னும் ஈரமாக இருந்தது. சின்னச் சின்னப் பல் தடம்... நடுவில் ஓர் இடம் மட்டும், பல்லே படாமல், நீட்டிக்கொண்டிருந்தது.