டிரம்ஸ்காரன் கால்

ஐயம்பேட்டை பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு இளம் நெசவாளிகள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று, “அந்த டிரம்ஸ்காரன் நம்ம ஆளுப்பா, காலாலயும் வேலை செய்யறான்” என்றார்.

“எவன்?”

“மெட்ராஸ்ல மூணு வாட்டி பாத்தேனே, அந்த இங்கிலீஷ் படத்துல. நாலு பேரு ஊரூராப் போய்ப் பாடறானுங்க.”

“கதை?”

“அதான் கதை. பொண்ணுங்க கத்தற கத்துல பாட்டு பாதி கேக்கல. நானும் சேந்து கத்தினேன்.”

“சரிதான்.”

“அந்தத் தாளம் காலோட வந்துடுச்சுப்பா. தறி மிதிக்கறப்ப ஒரு தட்டு தட்டற எடத்துல ரெண்டு தட்டிட்டேன். பொடவையில ஒரு முழம் இழை நெருங்கி அட்டை மாதிரி ஆயிடுச்சு. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்னுட்டாரு முதலாளி.”

“உங்கப்பா?”

“வெள்ளைக்காரன் கூத்துக்கு ஆடறியான்னு ஒரு வாரம் பேசல. பக்கத்துத் தறியில உக்காந்துக்கினு மொறைச்சிக்கினே நெய்வாரு.”

“அப்புறம்?”

“நேத்து அவரு பொடவையிலயும் ஒரு முழம் அட்டை. முதலாளி கேட்டதுக்கு, மழை ஈரம்தாங்கன்னாரு.”

“பங்குனியில ஏதுப்பா மழை?”

“முதலாளியும் அதான் கேட்டாரு. அப்பா கால் மட்டும் அதே தாளத்துல மிதிச்சிக்கினே இருந்துச்சு.”