சுவர் தாண்டி விழும் காற்று

காற்றடிக்கும் நாட்களில் எனக்குக் காரணமில்லாமல் சிரிப்பு வரும். கூரைமேல் வேலை செய்பவர்களுக்கு இது சகஜம், ஐயா. கீழே ஒருவருடைய குடை மல்லாந்துவிடும், கொடியில் காய்ந்த சட்டை பக்கத்து வீட்டுக்குக் குடிபோகும். மேலிருந்து பார்ப்பவனுக்கு உலகமே இறகு மாதிரி இருக்கும்.

புகைபோக்கிகளுக்குத் தொப்பி மாட்டுவது என் தொழில். காற்று புகைபோக்கியின் தலைக்கு மேலே நேராக வீசினால் நல்லது. வீட்டுக்குள் எரியும் கணப்படுப்பின் புகையை உறிஞ்சி எடுத்துக்கொண்டு போய்விடும். பக்கத்தில் உயரமான சுவர் இருந்தால்தான் வம்பு. காற்று சுவரில் ஏறி, இந்தப் பக்கம் தொப்பென்று விழும்; புகையைக் குழாய்க்குள்ளேயே அமுக்கும். அதற்குத்தான் சுழலும் தொப்பி. காற்று எங்கிருந்து வந்தாலும் அது முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும்.

அக்கா வீட்டு மாடியறையில் நான் இருந்தேன். வீட்டுக்குப் பின்னால் ஆலைச் சுவர். மாமாவுக்கு வேறு ஊரில் வேலை கிடைத்ததிலிருந்து இருவருக்கும் ஓயாத சண்டை. அவர் போகலாம் என்பார், அக்கா மாட்டேன் என்பாள். ஒரு நாள் எங்கள் புகைபோக்கியின் தொப்பி துருப்பிடித்து, வாய் சுவரைப் பார்த்த வாக்கில் நின்றுவிட்டது. எனக்குத் தெரியாது. வேலை முடிந்து வந்தால், இருவரும் கணப்படுப்பின் அருகே ஒட்டி உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மாப்ள, ரெண்டு தலையோட வந்து நிக்கிற?" என்றார் மாமா.

"இருக்கிற ஒண்ணையே அவன் உபயோகிக்கல," என்றாள் அக்கா.

"ஊருக்குப் போற விஷயம் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"எந்த ஊரு? நாற்காலிய விட்டே எழுந்திருக்க முடியல. போடா, நாங்க எங்கயும் போகல," என்றார் மாமா.

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கும் தொற்றிக்கொண்டது. அவ்வளவு சந்தோஷமான சாயங்காலத்தை அந்த வீடு பார்த்ததில்லை. ஆனால் கனலும் கரியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத புகை ஒன்று வரும், தலையைக் கிறங்க வைக்கும்; என் தொழிலில் எல்லோருக்கும் அது தெரியும். ஜன்னலைத் திறந்துவிட்டேன். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் தலைவலி வந்தது, பின்னாலேயே சண்டையும் வந்தது. மறுநாள் தொப்பிக்கு எண்ணெய் போட்டேன். என் வேலையில் குறை வைக்க மாட்டேன்.

பிறகு ஒருநாள் அக்கா மனம் மாறிவிட்டாள்.

"வீட்ட ஒப்படைக்கணும் தம்பி. நீயும் ஒரு ரூம் பாத்துக்கோ. மூஞ்சிய ஏன் தொங்கப் போடுற? லெட்டர் போடுறேன்டா."

பெட்டிகள் கட்டியாகிவிட்டன. லாரி வரவேண்டிய அன்று மதியம், சுவருக்குப் பின்னாலிருந்து அருமையான காற்று கிளம்பியது. குளிருது என்றாள் அக்கா. ஜன்னல் இடுக்குகளில் துணி அடைத்துக் கொடுத்தேன். அடுப்பு நிறையக் கரி போட்டேன். கூரையேறி, தொப்பியின் வாயைச் சுவர்ப் பக்கம் திருப்பிக் கம்பியால் கட்டினேன். அவர்களை இன்னொரு தடவை யோசிக்க வைக்கத்தான்.

கொஞ்ச நேரத்தில் கீழே சிரிப்பு கேட்டது. மாமா ஏதோ பாடினார், சுருதி சேரவில்லை. நான் ஓட்டில் தாளம் போட்டேன். தெருவில் ஒருவர் பறந்துபோன தன் தொப்பியைத் துரத்தி, பிடித்து, மறுபடி விட்டார். வயிறு வலிக்கச் சிரித்தேன். கீழே பாட்டு நின்றது. யோசிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். யோசிப்பவர்களை அவசரப்படுத்தக் கூடாது. காற்று ஓயும்வரை மேலேயே இருந்தேன்.

இறங்கிப் போய்ப் பார்த்தேன். அக்கா மாமாவின் தோளில் சாய்ந்திருந்தாள். இருவர் கன்னமும் சிவந்து, கல்யாணப் படத்தில் இருப்பதைவிட அழகாக இருந்தார்கள். லாரிக்காரர் கதவைத் தட்டியபோது, அவர்கள் வரவில்லை என்று நானே சொல்லி அனுப்பினேன்.

கம்பி கட்டியது நான். துணி அடைத்தது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். கொலை என்ற வார்த்தையை மட்டும் எடுத்துவிடுங்கள், ஐயா. போகவேண்டாம் என்று முடிவெடுத்தது அவர்கள்தான்.