இடது கண் டாக்டருக்கு, வலது கண் அப்பாவுக்கு

– எல்லாரும் அமைதியா உட்காருங்க. இந்த வீட்டு வரலாற்றிலேயே மிக முக்கியமான அறிவிப்பு இப்ப வரப்போகுது.

– எல்லாரும்னா யாருங்க? நான் ஒருத்திதான் நிக்கிறேன். சீக்கிரம் சொல்லுங்க, அடுப்புல பால் இருக்கு.

– பால் காத்திருக்கும்.

– பால் காத்திருந்ததா சரித்திரமே கிடையாது.

– சரி, கேளு. நாளைக்குப் பாப்பாவை அந்தக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போக வேண்டாம். இனி என்னைக்குமே வேண்டாம். அவளுக்குச் சரியான மருந்தை நானே கண்டுபிடிச்சுட்டேன்.

– நீங்களா? பெயின்ட் கம்பெனில உக்காந்துக்கிட்டா?

– வெறும் பெயின்ட் கம்பெனியில்ல. தரப் பரிசோதனைப் பிரிவு. ஒரு வெள்ளைக்கும் இன்னொரு வெள்ளைக்கும் வித்தியாசம் சொல்ற ஆளு நான். எங்க மேனேஜரே என்னைக் கேட்டுத்தான் ஒண்ணை வெள்ளைன்னு ஒத்துக்குவாரு.

– அவரு சட்டையை மட்டும் உங்களைக் கேக்காம போட்டுட்டு வர்றாரு போல. விஷயத்துக்கு வாங்க.

– ரெண்டு பெயின்டை ஒப்பிடணும்னா நாங்க என்ன பண்ணுவோம்? ஒரே தகட்டுல இடது பக்கம் ஒண்ணு, வலது பக்கம் ஒண்ணு அடிச்சு வெயில்ல வெச்சுப் பாப்போம். இங்கேயும் அதேதான்.

– இங்கேயும்னா எங்க? ஏங்க... பாப்பா கண்ணுலயா?

– இடது கண்ணுல உங்க டாக்டர் எழுதிக் குடுத்த சொட்டு. வலது கண்ணுல நான் வாங்கிட்டு வந்தது. ஒரே குழந்தை, ஒரே வீடு, ஒரே தூசி. இதைவிட நேர்மையான சோதனை உலகத்துல கிடையாது.

– அடப்பாவி மனுஷா! ‘மருந்து நான் போட்டு விடறேன், நீ போய் உக்காரு’ன்னு சொன்னப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும். பொறுப்பு வந்திருச்சுன்னு எங்கம்மாகிட்ட போன்ல பெருமை வேற பேசித் தொலைச்சேன்.

– பேசினது வீண் போகல. முடிவைக் கேட்டா இன்னொரு தடவை போன் போடுவ.

– அது என்ன மருந்து, முதல்ல அதைச் சொல்லுங்க.

– எங்க கம்பெனி ஸ்டோர்ல வேலை பாக்கறவரு தன் கண்ணுக்குப் போடறது. மருந்துக் கடையில சீட்டே கேக்கல, எடுத்து நீட்டிட்டான். ஒரு சொட்டு விட்டா கண்ணு பளிச்சுன்னு ஆயிடுது.

– அதைத்தாங்க டாக்டர் வேண்டவே வேண்டாம்னாரு! அது சிவப்பை மட்டும் அமுக்கி வைக்குமாம். தொடர்ந்து போட்டுட்டு விட்டா முன்னைக்கு மேல சிவக்குமாம். குழந்தைக்குக் கேக்காம வாங்கவே கூடாதாம். அவரு குடுத்தது அலர்ஜிக்குன்னே இருக்கிறது. மரம் பூத்து, அந்தப் பூந்தூள் அடங்கற வரைக்கும் விடாம போடணும்னு டாக்டர்...

– டாக்டர், டாக்டர், டாக்டர்! காலையில இருந்து ராத்திரி வரைக்கும் இந்த வீட்டுல ஓடற ஒரே ரேடியோ. அவருக்கு ராசியான கையாம். அவரு குரல் வெண்ணெயாம்.

– வெண்ணெய்னு நான் எப்பச் சொன்னேன்?

– உன் தங்கச்சிகிட்ட. நான் குளியலறையில இருந்தேன்.

– குழாயைத் திறந்து விட்டுட்டு ஒட்டுக் கேட்டீங்களா? இப்பப் புரியுது. உங்களுக்குக் கண்ணுல பிரச்சினையில்ல, வயித்துல. எரியுது.

– எனக்கெதுக்கு எரியணும்? ஆனா ஒண்ணு கேக்கறேன். பாப்பா வீட்டுப் படம் வரைஞ்சாளே, அதுல உனக்கும் அவளுக்கும் நடுவுல நிக்கிறது யாரு? கழுத்துல டார்ச் மாட்டிக்கிட்டு? நான் எங்க நிக்கிறேன்? கேட்டுக்கு வெளியே, ஸ்கூட்டரைவிடச் சின்னதா.

– நீங்க வேலைக்குப் போறீங்களாம்.

– கையே இல்லாமயா? அவரு சொன்னா சமர்த்தா கண்ணைத் திறக்கிறா. நான் பாட்டிலை எடுத்தா வீடே இடியற மாதிரி கத்துவா. பெத்தவன் நானா, அவரா? அந்த வலது கண்ணு வெளுத்தப்புறம்தான் என் மடியில தலை வெச்சுப் படுக்கிறா. தெரியுமா உனக்கு?

– ...அதுக்கு இப்படியாங்க பண்றது?

– பலனைப் பாரு. பாப்பா! கிரேயானைக் கீழ வெச்சுட்டு இங்க வாடா தங்கம். ஜன்னல் பக்கம் திரும்பு. பாத்தியா? இடது கண்ணு இன்னும் ரோஸ். வலது கண்ணு? ரெண்டு கோட் அடிச்ச சுவரு! சொல்லு, எது வெள்ளை?

– வலதுதான்.

– பக்கத்து வீட்டுக்குக் கேக்கல.

– வலதுதாங்க! போதுமா?

– போதும். நாளைக்கு வரலைன்னு டாக்டருக்கு இப்பவே போன் போடு. அவரு பாட்டில் குப்பைக் கூடைக்கு. இன்னைலேர்ந்து ரெண்டு கண்ணுலயும் என் மருந்துதான்.

– ஐயோ, பால் தீயுது பாருங்க... எல்லாம் உங்களாலதான். போன் போடறேன், போடறேன். கண்ணால பாக்கறதை நான் எப்படி இல்லைங்கறது? ஆனா ஒண்ணுங்க. டாக்டர் டார்ச் அடிச்சுப் பாக்கறதுக்கு முன்னாடி பாப்பாகிட்டதான் முதல்ல கேப்பாரு. நீங்க இத்தனை நாள்ல அவகிட்ட ஏதாவது கேட்டீங்களா?

– தகட்டுகிட்ட யாராவது அபிப்பிராயம் கேப்பாங்களா?

– நான் கேக்கறேன். பாப்பா, இங்க பாரு. எந்தக் கண்ணும்மா இப்ப நல்லா இருக்கு?

– சொன்னா அப்பா கோவிச்சுக்குவாரா?

– அப்பா எதுக்குடா கோவிச்சுக்கப் போறேன்? ஜெயிச்சவன் நான். தைரியமாச் சொல்லு, அம்மாவுக்கு நல்லாக் கேக்கணும்.

– நீங்க தினமும் இந்தக் கண்ணைப் பாத்துப் பாத்துச் சிரிச்சீங்கல்லப்பா, அதான் நான் சொல்லல.

– என்னது?

– வெள்ளைக் கண்ணுதான்பா அரிக்குது.