பெட்டிக் காடியில் மணப்பெண்

மலேசியாவில், பாலிங்கிலிருந்து சுங்கைப் பட்டாணிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும். அண்ணியின் மகனுக்குக் கல்யாணம், புடவை எடுக்கப் போகிறார்கள். மணப்பெண்ணை அவனுடைய காடியில், அதாவது காரில், வீட்டுக்கு அழைத்து வருவதாகப் பேச்சு. பாதி வழியில் நாத்தனார் திடீரென்று சொன்னார்:

“ஒங்க மவனோட காடியிலேருந்து எறங்குனா, பொண்ணுக்கு இடது கால்தான் மொதல்ல வெளிய வரும், அண்ணி.”

“நல்ல காடிலா அது. பொட்டி மாரி இருந்தாலும் உள்ள எவ்ளோ எடம் தெரியுமா?”

“எடம் இருந்து என்ன? கதவு ரெண்டுதான? வலது பக்கம் டிரைவர் உக்காந்திருப்பான். இவ இடது பக்கத்து முன் சீட்ட மடக்கி, பட்டுச்சேலையோட குனிஞ்சு வரணும். வலது கால எப்படி மொதல்ல வைப்பா?”

“பின்னாடி மேல தூக்குற கதவு ஒண்ணு இருக்கே. அது வழியா வந்தா எந்தக் கால வேணாலும் வைக்கலாம்.”

“மருமவள எறக்குறீங்களா, அரிசி மூட்டைய எறக்குறீங்களா? எங்க வீட்டுக்காரர் காடிய எடுத்துக்குங்க. அதுவும் பொட்டிதான், ஆனா நாலு கதவு.”

“அதுல பின்னாடி வலது பக்கக் கதவத்தான் கயித்தால கட்டி வச்சிருக்காரே!”

நாத்தனார் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்.

“நான் கல்யாணமாகி எஸ்டேட் லோரியிலதான வந்தேன்,” என்றார் அண்ணி. “ரெண்டு காலையும் சேத்துக் குதிச்சேன். ஒங்கண்ணன் கீழ நின்னாரு, அவரு மேலயே விழுந்தேன்.”

“அதான்லா, எங்கண்ணன் இன்னிக்கு வரைக்கும் எந்திரிக்கவே இல்ல.”