இரண்டு தரம் கழித்த அரைமணி

— இந்தக் கம்ப்யூட்டர் நேரத்தை அரை மணித்தியாலம் பிந்திக் காட்டுது எண்டு மாசக்கணக்கா உங்கட கடைக்குப் போன் எடுக்கிறன், கிருஷ்ணராஜ் தம்பி. இண்டைக்குத்தான் செவ்வந்தி ஆஸ்பத்திரிக்கு வழி தெரிஞ்சதோ?

— கோவிச்சுக்காதீங்க, ஜெயமலர் அக்கா. வெலிமடைப் பக்கம் ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன். லினக்ஸ் பாக்கிறதுக்கு எங்க கடையில என்னைய விட்டா ஆள் இல்ல.

— தைப்பொங்கலுக்குப் புது லினக்ஸ் போடுறன் எண்டு வந்து கந்தோர் மிசினைக் குழப்பினதும் நீர்தானே. அதுக்கு முதல் ஒழுங்கா ஓடின சாமான்.

— நாந்தான். இல்லைன்னு சொல்லலையே. இருங்க, பாப்போம். இன்டர்நெட்டுல இருந்து சரியான நேரத்த வாங்கி வைக்கிறதுக்குன்னே ஒரு சர்வீஸ் போட்டு விட்டேன். அது ஓடவே இல்ல. எழுப்பி விட்டா, கொஞ்ச நேரம் முழிச்சிருந்துட்டுத் திரும்பப் படுத்துக்குது.

— லைனிலை பிழையோ?

— லைன் நல்லா இருக்கு. என்னமோ காரணம் எழுதி வச்சிருக்கு, இருங்க. ஓகோ. வித்தியாசம் ஆயிரம் செக்கனுக்கு, அதான் ஒரு பதினேழு நிமிசத்துக்கு, மேலயாம், அதனால கை வைக்க மாட்டேங்குது.

— பிழையைத் திருத்தத்தானே அதை வச்சது? பிழை கூட எண்டால் திருத்தாதோ?

— கொஞ்சம் முன்னப் பின்ன இருந்தா தானாத் திருத்திக்கும். அளவு மீறிப் போச்சுன்னா, மனுசன் யாராச்சும் வந்து பாக்கட்டும்னு ஒதுங்கிரும். நம்ம சனத்துக்குத்தான் அந்த அடக்கம் இல்ல. சரி, போன வருசம் சித்திரையில கவர்மெண்டு நேரத்த அரை மணி பின்னுக்குத் தள்ளுனாங்களே, அப்ப இதுல யாரு கை வச்சது?

— நான்தான். சுவர் மணிக்கூட்டைத் திருப்பினன், கை மணிக்கூட்டைத் திருப்பினன், அப்பிடியே இதையும் திருப்பி விட்டனான். ஏன், கூடாதோ?

— போச்சு போங்க. உள்ள நாட்டு நேரம்னு தனியா ஒரு கணக்கு இருக்கு, அதைத்தான் மாத்தியிருக்கணும். பொங்கலுக்கு நான் போட்ட புதுசுக்கு, இலங்கை அரை மணி குறைச்ச விசயம் தெரியும். அது தன் பங்குக்கு ஒரு அரை மணியக் குறைச்சிருச்சு. நீங்க ஒரு தரம், அது ஒரு தரம். நானும் போட்டு முடிச்சிட்டு, சுவத்துல இருக்கிற மணிக்கூட்ட ஏறெடுத்துப் பாக்காமப் போயிட்டேன்.

— ஐயோ தம்பி. பிள்ளை பிறந்த சீட்டெல்லாம் இதிலதானே அடிக்கிறது. நேரம் தானா விழும். கண்ணில பட்டதைத் திருத்தி அடிச்சனான். படாமல் போனது எத்தினையோ.

— பொறந்த சீட்டா?

— ஓம். அதைக் கொண்டுபோய்த்தானே சனம் சாதகம் எழுதுறது. நான் எண்டால் சாதகம் பாக்காமல் ஒரு நல்ல காரியத்துக்கு வாசல் தாண்டமாட்டன். இப்ப என்னால எத்தினை பிள்ளையளின்ரை… என்ன தம்பி, ஏன் எழும்புறீர்?

— எம் மகளும் இங்கதாங்கக்கா பொறந்தா. பொங்கல் கழிச்சு.

— தெரியும்தானே. உம்மட பெண்சாதி தர்மிளாவுக்குக் கட்டில் எடுத்துக் குடுத்ததே நான்தான். பிள்ளை எப்பிடி? ஆரை மாதிரி, தாயோ, உம்மையோ?

— தெரியாதுங்க.

— என்ன கதை இது?

— நான் இன்னும் பாக்கலக்கா. அவ பொறந்தன்னைக்கு நான் மடுல்சீமையில ஒரு தோட்டத்து ஆபீசுல வேலையா இருந்தேன். மழையில ரோடு சரிஞ்சு, வந்து சேர மறுநாள் ஆயிருச்சு. அதுக்குள்ள மாமியார் சீட்டக் கொண்டுபோயி சாத்திரிகிட்டக் குடுத்துட்டாங்க. அப்பனுக்கு ஆகாத பாதத்துல பொறந்திருக்காளாம். ஒரு வருசம் மொகத்தப் பாக்கக் கூடாதாம். அதுக்கப்புறமும் எண்ணெய்க் கிண்ணத்துல நெழலப் பாத்துட்டுத்தான் நேருல பாக்கணுமாம். நான் இந்த வாசலுக்கு வர்றதுக்குள்ள தாயையும் புள்ளையையும் மொனராகலைக்குக் கூட்டிப் போயிட்டாங்க.

— படிச்ச பொடியன். நீருமோ நம்பினனீர்?

— நம்புறேனா இல்லையாங்கிறது வேற. நாளைக்கு எனக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் எங்க தோட்டத்து லயத்துச் சனமே அந்தப் புள்ளையத்தான் கரிச்சுக் கொட்டும். அப்பன முழுங்க வந்தவம்பாங்க. அந்தப் பேரோட அவ வளரக் கூடாதுன்னுதான் ஒதுங்கி நின்னேன். போன்ல அழுறது கேக்கும். இப்பச் சிரிக்கிறதும் கேக்குது. குப்புற விழுந்துட்டாளாம்.

— பாவம், தம்பி.

— ஆனாக்கா, சாத்திரி அன்னைக்கே ஒண்ணு சொன்னாராம். இன்னும் கால் மணி கழிச்சுப் பொறந்திருந்தா அடுத்த நட்சத்திரம், ஒரு தோசமும் கெடையாதுன்னு. மிசின் அரை மணி பிந்தி இருந்திச்சுன்னா, சீட்டுல விழுந்ததுக்கு அரை மணி கழிச்சுத்தானே எம் புள்ள பொறந்திருக்கா? சொல்லுங்க. அவ சீட்டத் திருத்துனீங்களா, அப்பிடியே விட்டுட்டீங்களா?

— கொஞ்சம் இரும்.

— அக்கா? திருத்துனீங்களா?

— யோசிக்கிறன், தம்பி. அண்டைக்கு… அண்டைக்குச் சனம் கூட. நான் பாக்கேல்லை. அப்பிடியேதான் போயிருக்கும்.

— நெசமாவா?

— ஓம் எண்டுறன். அந்தச் சீட்டு நேரம் உமக்குப் பாடமாத்தானே இருக்கும்? சொல்லும், அரை மணி கூட்டிப் புதுசு எழுதித் தாறன். சீலும் குத்தித் தாறன்.

— பாடமா? தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன். நீங்க எழுதுங்க, அதுக்குள்ள நான் இதுக்கு ஒரு தடவ வலுக்கட்டாயமாச் சரியான நேரத்த வச்சு விட்டுர்றேன். இந்தா, சர்வீஸ் எந்திரிச்சிருச்சு. இனி படுக்காது. ஏங்கக்கா, கை இப்பிடி நடுங்குது?

— குளிர். இத்தினை வருஷமாகியும் உங்கட பதுளைக் குளிர் எனக்குப் பழகேல்லை. பிடியும். மொனராகலை பஸ் போகமுதல் ஓடும்.

— அன்னைக்கு ஒரு தரம் தலையத் தூக்கி அந்த மணிக்கூட்டப் பாத்திருந்தா, எம் புள்ளைய மடியில வச்சிருந்திருப்பேன். நேரத்த எங்கயோ இருக்கிற சர்வருல இருந்து வாங்கி வச்சிட்டேன். போன மாசங்கள எங்க போயி வாங்குறது?

— போம், தம்பி. இருக்கிறதைப் பாரும்.

— வாறேங்கக்கா. நீங்க நல்லா இருப்பீங்க.

— என்ன ஜெயமலர் அக்கா, நான் வாட்டுல இருந்து வரக்குள்ள அந்தக் கம்ப்யூட்டர் தம்பி படியில விழுந்தடிச்சு ஓடுறாரு? அழுறாரா சிரிக்கிறாரான்டே வெளங்கல்ல.

— மகளைப் பாக்கப் போறான், ஹம்ஸியா. பிறந்த நேரம் பிழை எண்டு புதுச் சீட்டு எழுதிக் குடுத்தனான்.

— தர்மிளாட புள்ளையா? அதுட நேரம் பிழைக்கல்லயே. பிரசவம் பாத்த நான்தானே மணிக்கூட்டப் பாத்துட்டு வந்து ஒங்களுக்குச் சொன்னது. நம்மட தம்பிட புள்ளன்டு நீங்களும் அந்த எடத்துலயே திருத்தி அடிச்சீங்க.

— ஓம். திருத்தித்தான் குடுத்தனான். சரியான நேரத்தோட போன பிள்ளை அது.

— அப்ப இப்பக் குடுத்தது பொய்யா? ஒங்களுக்கு இந்தச் சாதகத்துல எல்லாம் நம்பிக்க இல்லையா?

— நம்பிக்கை இருக்கு, ஹம்ஸியா. அதுதான் கை நடுங்கினது.