கண்ணீருடன் ஜோஜோ

விசில்தான் சாரே. எங்காதுக்குள்ள இன்னும் நிக்கது அந்த விசில்தான். எம்மவன் ஜோஜோவுக்கு அப்ப ஏழு வயசு இருக்கும். மொத நாள் மூணாறுல படம் பாத்துட்டு வந்தவன், மறுநா பூசையில முன்வரிசையில நிக்கான். பாதர் அப்பத்தத் தூக்கிக் காட்டுதாரு, மணி அடிக்கி, கோயிலே தலையக் குனிஞ்சு கெடக்கு. இவன் ரெண்டு வெரல வாயில வச்சான். ஒரே விசில். தியேட்டர்ல மணி அடிச்ச ஒடனே அண்ணன் வந்தாராம், இங்கயும் வருவாருன்னு நெனச்சிட்டான்.

ஏணிய அங்கனயே சாத்தி வையுங்க. போர்டு எங்க ஓடிரப் போவுது? ஸ்டேஷனுக்குப் பராதி எழுதிக் குடுத்திருக்காங்க, நீங்க எடுத்துத்தான் ஆகணும், வெளங்குது. ஆளு உயிரோட இருக்கையில சாவுப் போர்டு வைக்கலாமான்னு கேக்காங்க, அதுவும் நியாயந்தான். ஞாயித்துக்கெழம பூசை முடியட்டும்னுதான் சொல்லுதேன். பூசைக்கு வாரவங்க அந்தப் பேர ஒரு தடவ படிச்சிட்டுப் போகட்டும். அந்தக் கல்லுல உக்காருங்க, எல்லாம் சொல்லுதேன்.

அண்ணன்னா யாரா? இந்தா, போர்டுல கூலிங்கிளாஸ் போட்டுச் சிரிக்காரே, அவருதான். பேரச் சொல்லி எம்மவன் கூப்பிட்டதே இல்ல. அண்ணன்தான். எம்மவனுக்கு அண்ணன்னா எனக்கு என்ன மொற? மூத்த மவந்தானே. கிறிஸ்மஸுக்கு அண்ணனுக்கும் ஒரு சட்டை எடுக்கணும்மான்னான். எடுத்தோம். அளவு எப்பிடில தெரியும்னேன். எம்மளவுதான்னான். அவரு வந்து வாங்குற வரைக்கும் நான் போட்டுக்கிடுதேன்னு அதையும் அவனே போட்டுக்கிட்டான்.

இந்தப் பைத்தியம் நல்லதா கெட்டதான்னு எங்கிட்டயா கேக்கீங்க? அண்ணன் பொறந்தநாளுக்கு அடிமாலி போயி ரத்தம் குடுத்துட்டு வருவான். ஊசியக் கண்டா நடுங்குத பய சாரே. ஒரு படத்துல அண்ணன் குடிய விட்டாரு, இவனும் விட்டான். அந்தோணியாருக்கு மெழுகுதிரி ஏத்துனேன். அடுத்த படத்துல அண்ணன் குடிச்சாரு. என்ன செய்ய? அணச்சிட்டேன்.

பொண்ணு பாக்கப் போனோம். ஷீனான்னு தங்கமான பிள்ள. டீ கொண்டாந்து வச்சா. அந்நேரம் பாத்து அவ போன் அடிச்சிச்சு, வேற நடிகர் பாட்டு. இவன் டீயத் தொடாம எந்திரிச்சிட்டான். கல்யாணம் போனாப் போகுது. தேயிலைக் காட்டுல பொறந்தவன் ஊத்தி வச்ச டீயக் குடிக்காம வந்தானே, அதுதான் எனக்கு ஆறல.

ஆங், போர்டுக்கு வாரேன். வட்டவடையில ஜீப்புக்கு கேரட் மூட்டை ஏத்திக்கிட்டு நின்னவன், நெஞ்சப் பிடிச்சிட்டு உக்காந்தான். அவ்வளவுதான். முப்பத்திநாலு வயசு.

எந்தங்கச்சி மவன் ஜின்சன் போர்டு அடிக்க ஓடுனான். அவன் ஜோஜோவ அண்ணன்னுதான் கூப்பிடுவான், பெரியம்மா மவனாச்சே. கடையில போயி, அண்ணன் போயிட்டாருன்னு விழுந்து அழுதிருக்கான். கடைக்காரன் ஜிபி ரசிகர் மன்றத்து ஆளு. அவனுக்கு ஒலகத்துல ஒரே அண்ணன்தானே? அய்யோன்னு அவனும் கூட விழுந்திருக்கான். போட்டோ எங்கன்னதுக்கு ஜின்சன் ஜோஜோவோட போன நீட்டுனான். தொறந்தா மொகப்புலயே அண்ணன். சந்தேகமே இல்லாமப் போச்சு. ஜோஜோ பேர மறந்துராத, போட்டுருன்னு ஜின்சன் சொல்லியிருக்கான். எங்க போட்டிருக்கான் பாருங்க. கீழ, அந்தப் பட்டையில. படிங்க. கண்ணீருடன் ஜோஜோ.

செத்தவனே கண்ணீரோட நிக்கான். சிரிப்பு வந்தாச் சிரிச்சுக்கிடுங்க சாரே. நானும் சிரிச்சேன், பெட்டிக்குப் பக்கத்துல உக்காந்து.

போர்டக் கண்டதும் ஜங்ஷன்ல கடையெல்லாம் சாத்திட்டாங்க. தேவிகுளத்துல இருந்து ஜீப்பு ஜீப்பா எங்க எஸ்டேட்டு லயத்துக்கு வாராங்க. எதுக்கு? ஜோஜோகிட்ட துக்கம் கேக்க! ஒருத்தன் எங்கையப் பிடிச்சிக்கிட்டு, ஜோஜோ எங்கம்மா, எப்பிடித் தாங்குதான்னு கேக்கான். உள்ள படுத்திருக்கான்னேன். பாவம், எழுப்பாதீங்கன்னுட்டான்.

முத்தத்துல நிக்க எடமில்ல. அவ்வளவு அழுகை. யாருக்குன்னு எனக்குத் தெரியும், தெரியாம என்ன? ஆனா அழுகையில பேரா எழுதியிருக்கு? கேட்டுக்கிட்டே இருந்தேன்.

அப்பத்தான் அந்த வீடியோ வந்துச்சு. அண்ணனே பேசுதாரு. அழாதீங்கம்மா, எனக்கு ஒண்ணும் ஆகல, உங்க பிள்ள நல்லா இருக்கேன். அத்தன பேரு போன்லயும் ஒரே கொரல். உங்க பிள்ள நல்லா இருக்கேன். ஒரு நிமிசம் நான் உள்ள திரும்பிப் பாத்துட்டேன் சாரே.

வெளிய விசில். மல எதிரொலிக்கி, அப்பிடி ஒரு விசில். பொறவு வெடி. பொறவு அத்தன ஜீப்பும் கேக் வெட்ட ஜங்ஷனுக்குப் போயிருச்சு.

போட்டோ மாத்தித் தாரேன்னு ஜிபி சொல்லுதான். எதை வச்சு மாத்த? போன்ல இருக்கது பூரா அவருதான். ஒண்ணு ரெண்டுல எம்மவனும் நிக்கான், கட்டவுட்டு காலடியில, கட்டவெரல் உசரத்துக்கு. அவன் பேரு அச்சுல வந்தது இந்த ஒரு எடந்தான். அந்தக் கீழ்ப் பட்டைய மட்டுமாவது அறுத்துத் தரலாமா?

ஸ்டேஷனுக்கு முழுசா வேணுமா. ஞாயித்துக்கெழம வரைக்குங்கூட ஆவாதா. சரி சாரே, நீங்க என்ன செய்வீங்க.

எறக்குங்க. பாத்து, மழையில சட்டம் ஊறிக் கெடக்கு, கனக்கும். நீங்க தலமாட்டுப் பக்கம் பிடிங்க, நான் கால்மாட்டப் பிடிச்சுக்கிடுதேன். அய்ய, என்னால முடியும். ஜோஜோ பெட்டிக்கும் ஆளு பத்தல. ஜின்சன், ஜிபி, கோயில் உபதேசியாரு. நாலாவது ஆளா நாந்தான் பிடிச்சேன், கல்லறை வரைக்கும்.