துண்டு போட்ட இடம்

செங்கல்பட்டில் மாமல்லபுரம் பஸ் வந்து நிற்பதற்குள், ஜன்னல் வழியாக ஒரு துண்டு எனக்கு முன்சீட்டில் வந்து விழுந்தது. இப்படி இடம் பிடிப்பவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். துண்டுக்காரருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். மனைவியை ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவள் பக்கத்தில் துண்டு மட்டும் கிடந்தது.

"யாருக்குய்யா எடம் வுட்டுட்டு நிக்கிற?" என்றாள் அவள்.

"பசங்க உக்கார..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"எந்தப் பசங்க? சின்னவளையும் போன மாசம் கட்டிக் குடுத்தாச்சு. நாம ரெண்டு பேருதான் கீறோம்."

"ஆமால்ல. பழக்கதோஷம்மே."

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்கறேன். துண்டு போடுவ, எங்கள உக்கார வெப்ப, நீ படியில தொங்கிகினு வருவ. ஒரு நாளாச்சும் உக்காந்துகீறியா?"

"நீங்க உக்காந்தா போதாதா?"

அவள் எழுந்து சீட்டை விட்டு வெளியே வந்தாள். துண்டை எடுத்து அவர் தோளில் போட்டாள்.

"உள்ள போ. ஜன்னலாண்ட உக்காரு."

"எனக்கு எதுக்கு? காத்து இல்லன்னா உனக்குத்தான் தல சுத்தும்."

"இன்னிக்கு சுத்தாது. போய்யா."

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் காற்றில் ஈரம் வந்தது. அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"நல்லா கீதுமே."

"இத்தினி வருசமா நீ எனக்குப் புடிச்சுக் குடுத்த எடம்தான்யா அது."